மனம் இறுகினால் தோல் ஏன் அரிக்கிறது?

கேள்வி: வேலையில் நெருக்கடி வரும்போதெல்லாம் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் எக்ஸிமா கிளம்பிவிடுகிறது. ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். மனசுக்கும் தோலுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா? இருந்தால் நான் செய்யக்கூடியது என்ன?

தொடர்பு இருக்கிறது. ஆனால் டென்ஷன் எக்ஸிமாவை உண்டாக்குவதில்லை, இருக்கிற எக்ஸிமாவைக் கிளப்பிவிடுகிறது. கரப்பான் என்று பேச்சில் சொல்லப்படுவது பெரும்பாலும் அட்டோபிக் எக்ஸிமா. அது வர, அதற்கு இடம் கொடுக்கும் தோல் முதலில் வேண்டும். தோலின் மேலடுக்கைக் கட்டிக் காக்கும் பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது 2006-இல் தெரியவந்தது. எத்தனையோ பேர் கடும் நெருக்கடியில் வாழ்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் முழங்கை மடிப்பு சிவப்பதில்லை. எனவே உங்கள் மனசு பலவீனமாக இருப்பதால் இது வந்தது என்று யாராவது ஜாடையாகச் சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கிளப்பிவிடுகிறது என்பதற்குச் சான்று வலுவானது. 1995 ஜனவரியில் ஜப்பானில் ஹான்ஷின் நிலநடுக்கம் வந்தபின், அங்கிருந்த எக்ஸிமா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கடும் சேதம் கண்ட பகுதியில் 38 சதவீதம் பேருக்கும், ஓரளவு சேதமான பகுதியில் 34 சதவீதம் பேருக்கும் நோய் மோசமாகியிருந்தது. சேதமே இல்லாத பகுதியில் அது 7 சதவீதம்தான். இதே எண்ணைத் திருப்பியும் பாருங்கள்: வீடு இடிந்த ஊரிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மோசமாகவில்லை. டென்ஷனுக்குத் தோல் எவ்வளவு துள்ளும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு அது எவ்வளவு என்று அளந்து பார்க்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், உள்ளே நடப்பது. தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த பசை அதன் சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் உள்ளே வராமலும் காப்பது இந்தச் சாந்துதான். எக்ஸிமா தோலில் இது எப்போதுமே கொஞ்சம் பொக்கை. நெருக்கடியில் உடம்பு சுரக்கும் ஹார்மோன் கார்டிசால். நெருக்கடி நீடிக்கும்போது அது உயர்ந்தே இருந்தால், மேல்தோல் செல்கள் இந்தக் கொழுப்பைத் தயாரிக்கும் வேகம் குறைகிறது. கல்லூரி மாணவர்களின் கையில் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து மேலடுக்கை வேண்டுமென்றே பழுதாக்கி, அது சரியாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. அதே மாணவர்களுக்கு, விடுமுறையில் அளந்ததைவிடப் பரீட்சை நேரத்தில் தோல் மெதுவாகச் சரியானது. யாருக்கு மன அழுத்தம் அதிகம் கூடியதோ அவர்களுக்குத் தாமதமும் அதிகம். அவர்கள் யாருக்கும் தோல் நோய் கிடையாது. நல்ல தோலுக்கே இந்தக் கதி என்றால் பொக்கைத் தோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே புத்திசாலி வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: கார்டிசால் என்பது ஸ்டீராய்டுதானே? எக்ஸிமாவுக்கு ஸ்டீராய்டு களிம்பு கொடுக்கிறார்களே, உடம்பே ஸ்டீராய்டைச் சுரந்தால் நல்லதுதானே? பாதி சரி. கார்டிசால் அழற்சியை அடக்கும், உண்மை. ஆனால் வாரக்கணக்கில் அது சொட்டிக்கொண்டே இருந்தால் நோயெதிர்ப்புச் செல்கள் அதற்குப் பழகி, சொன்னபடி கேட்பதை நிறுத்துகின்றன. அதோடு, எக்ஸிமா உள்ளவர்களை எல்லோர் முன்பும் பேசச் சொல்லியும், மனக்கணக்குப் போடச் சொல்லியும் பார்த்த ஆய்வுகளில், மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு அவர்களுக்குக் கார்டிசால் ஏறவில்லை. அவசரத்துக்குத் தேவையான பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, அன்றாடச் சாந்து மட்டும் குறைகிறது. இரண்டு பக்கமும் நஷ்டம். களிம்பில் இருக்கும் ஸ்டீராய்டும் சாந்தைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். அதனால்தான் அதோடு மாய்ஸ்சரைசரும் தடவச் சொல்கிறார்கள். பலர் மாய்ஸ்சரைசரை அழகுச் சாமான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது சிகிச்சையின் பாதி.

அடுத்தது நரம்பு. தோலில் நரம்பு நுனிகளுக்குப் பக்கத்திலேயே மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. பதற்றத்தில் நரம்பு நுனிகள் ‘சப்ஸ்டன்ஸ் பி’ போன்ற பொருள்களைக் கக்குகின்றன. மாஸ்ட் செல்கள் அதற்குப் பதிலாகத் தங்கள் சரக்கைக் கொட்டுகின்றன. இரத்த நாளம் விரிகிறது, சூடு ஏறுகிறது, அரிக்கிறது. கூடவே இன்டர்லூக்கின்-4, 13, 31 என்ற தூதுப் பொருள்கள். இவற்றில் 31 நேரே அரிப்பு நரம்பைத் தட்டும். அலர்ஜி மாத்திரைகள் தடுப்பது ஹிஸ்டமின் என்ற பொருளை, எக்ஸிமா அரிப்பில் அது பெரிய ஆள் இல்லை. அலர்ஜி மாத்திரை போட்டும் அரிப்பு நிற்கவில்லை என்று பலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான். தூக்கம் வரவைக்கும் பழைய ரக மாத்திரைகள் ஆளைச் சாய்க்கும், அரிப்பைப் பெரிதாகத் தொடாது. அந்தத் தூக்கமும் தரமான தூக்கம் இல்லை.

அரிப்பு மூளையிலும் கூடிக் குறையும். ஜெர்மனியில் அரிப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு வைத்து, கேட்பவர்களைக் கேமராவில் பதிவு செய்தார்கள். தெள்ளுப்பூச்சி, சொறிந்த தழும்பு போன்ற படங்கள் வந்தபோது கூட்டம் சொறிந்தது. மென்மையான குழந்தைத் தோல் போன்ற படங்கள் வந்தபோது சொறிவது குறைந்தது. இதைப் படிக்கும்போதே உங்கள் கை எங்காவது போயிருக்கலாம்.

பகலில் சமாளித்துவிடுவீர்கள், ராத்திரியில்தான் சண்டை. கார்டிசால் விடிகாலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவையொட்டி அடிமட்டத்தில். படுத்தபின் தோலின் வெப்பம் ஏறுகிறது, தோல் வழியே ஈரம் போவது கூடுகிறது, கவனத்தைத் திருப்ப எதுவும் இல்லை. தூங்காத இரவுக்குப் பின் மறுநாள் பதற்றம் கூடும், தோல் சரியாவது இன்னும் தாமதமாகும், அடுத்த இரவு இன்னும் மோசம். மனசிலிருந்து தோலுக்கு ஒரு பாதை, தோலிலிருந்து மனசுக்கு இன்னொரு பாதை. எதில் தொடங்கியது என்று தேடுவதைவிட எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்ப்பது உபயோகம்.

‘டென்ஷன் ஆகாதே’ என்பது வெட்டக்கூடிய இடம் இல்லை. வேலை நெருக்கடி நீங்கள் நினைத்தால் போகாது. விரலும் இரவும் களிம்பும் உங்கள் கையில் இருக்கின்றன. நெருக்கடி வாரத்தில் நிஜமாக என்ன நடக்கிறது என்று பாருங்கள். லேட்டாக வருகிறீர்கள், சுடச்சுட நீரில் நெடுநேரம் குளிக்கிறீர்கள், அப்படியே படுக்கிறீர்கள், மாய்ஸ்சரைசர் நாளைக்கு. மேஜைக்கு முன் உட்கார்ந்து யோசிக்கும்போது இடது கை முழங்கை மடிப்பை வலது கையின் நடுவிரல் தானாகத் தேடிப் போகிறது. நகம் தோலை இழுக்கும் சத்தம் கேட்கிற வரை உங்களுக்கே தெரிவதில்லை. என் கணிப்பில், டென்ஷனால் வந்தது என்று சொல்லப்படும் கிளப்பலில் ஹார்மோனின் பங்கு ஒரு பகுதி. மீதி இந்த விட்டுப்போன களிம்பும், தெரியாமல் போன விரலும்.

விரலிலிருந்து தொடங்குங்கள். சொறியும் பழக்கத்தை மாற்றும் முறை ஒன்று 1980-களில் ஸ்வீடனில் எக்ஸிமா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஸ்டீராய்டு களிம்பை மட்டும் தடவியவர்களைவிட, களிம்போடு இதையும் செய்தவர்களுக்குச் சொறிவதும் நோயும் அதிகம் குறைந்தன. முதல் வாரம் எதையும் நிறுத்த முயல வேண்டாம், எண்ணினால் போதும். கையில் அடங்கும் எண்ணுமானி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கை தோலுக்குப் போகும்போதும் ஒரு அமுக்கு. அது இல்லையென்றால் தாளில் கோடு. சொறிவது மட்டுமில்லை, தடவுவது, துணியோடு சேர்த்துத் தேய்ப்பது, காலோடு கால் உரசுவது எல்லாம் கணக்கு. ஒரு நாளில் நூறைத் தாண்டினால் அதிர்ச்சி அடைய வேண்டாம். எப்போது அதிகம் என்று குறித்துக்கொள்ளுங்கள்: போன் பேசும்போதா, உடை மாற்றும்போதா, திரைக்கு முன் உட்கார்ந்து யோசிக்கும்போதா, வீட்டுக்குள் நுழைந்தவுடனா. அரிப்பே இல்லாமல் பழக்கத்தால் மட்டும் கை போகும் நேரங்கள் நிறைய இருப்பது அப்போது தெரியும்.

இரண்டாம் வாரம் முதல், கை கிளம்பியதும் இரண்டு கைகளையும் இறுக்கிப் பொத்தி, அசையாமல் வைத்து முப்பது வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் அரிப்பு இருந்தால் அந்த இடத்தை நகத்தால் மெல்ல அழுத்துங்கள் அல்லது கிள்ளிப் பிடியுங்கள், இழுக்காதீர்கள். அழுத்தம் அரிப்பை மறைக்கும், தோலைக் கிழிக்காது. குளிர்ந்த ஈரத்துணியை வைப்பதும் இதே வேலையைச் செய்யும். அதிகம் சொறியும் நேரம் எது என்று கண்டுபிடித்தீர்களே, அந்த நேரத்தில் இரண்டு கைக்கும் வேலை கொடுங்கள். ‘சொறியாதே’ என்று வீட்டில் இருப்பவர்கள் கத்துவது மட்டும் உதவாது. அது பதற்றத்தை ஏற்றும், ஏறிய பதற்றம் மறுபடி விரலுக்கு வரும். இந்த முறையில் பலர் தோற்பது நான்காம் வாரத்தில். தோல் பார்க்க நன்றாகிவிடும், நிறுத்திவிடுவார்கள். தடித்த தோல் பார்வைக்குச் சரியான பின்பும் உள்ளே ஆற இன்னும் சில வாரம் எடுக்கும்.

களிம்பு. இதில் தப்பு நடப்பது பெரும்பாலும் அளவில். ஸ்டீராய்டு களிம்புக்கு விரல்நுனி அளவு என்று ஒன்று உண்டு: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். இரண்டு முழங்கை மடிப்புக்கும் ஒரு விரல்நுனி, முகமும் கழுத்தும் முழுவதும் என்றால் இரண்டரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று. பயத்தில் கடுகளவு தடவி, ‘களிம்பு கேட்கவில்லை’ என்பவர்கள் அதிகம். முகம், கண்ணிமை, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றுக்கு வீரியம் குறைந்த களிம்பு அல்லது டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பு. உள்ளங்கைக்கு எழுதித் தந்த வீரியமான களிம்பை முகத்தில் தடவக் கூடாது. டாக்ரோலிமஸ் முதல் சில நாள் எரியும். அதை அலர்ஜி என்று எண்ணி நிறுத்திவிடுகிறார்கள், பெரும்பாலும் சில நாளில் எரிச்சல் தணிந்துவிடும்.

எப்போது நிறுத்துவது? மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் சிவப்பு சரியாகத் தெரியாது. சாம்பல், ஊதா, அடர்பழுப்பு என்று மாறித் தெரியும். ஆறிய பின்னும் கறுப்பு பல மாதம் நிற்கும், அதற்குக் களிம்பு தேவையில்லை. கண்ணை நம்பாமல் கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பும் தடிப்பும் போய், அரிப்பும் போன பின் தினமும் தடவுவதை நிறுத்தலாம். அடிக்கடி அதே இடத்தில் திரும்புகிறது என்றால், ஆறிய பின்பும் அந்த இடத்துக்கு வாரம் இரண்டு நாள் தடவும் முறை இருக்கிறது. நெருக்கடி வரப்போகிறது என்று முன்பே தெரிந்தவர்களுக்கு இது நல்ல உத்தி. பரீட்சை, கணக்கு முடிக்கும் மாதம், கல்யாண வேலை எதுவானாலும் கிளம்பிய பின் ஓடுவதைவிட, இதை எத்தனை வாரம் செய்யலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாய்ஸ்சரைசர் கணக்கு வேறு. உடம்பு முழுக்க வறட்சி உள்ள பெரியவருக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரை போகும். மணமில்லாதது, கெட்டியானது நல்லது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் குளியல், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காயுமுன் தடவ வேண்டும். முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்து விடுங்கள், எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் நடுவே கால் மணி நேரமாவது இடைவெளி. பாரபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும். சட்டை, போர்வை, கட்டுத்துணி எதுவானாலும் அடுப்பு, சிகரெட், மெழுகுவர்த்தி பக்கம் போகக் கூடாது.

இரவுக்கு: படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே களிம்பு வேலையை முடித்துவிடுங்கள், படுக்கையில் பிசுபிசுப்பும் சூடும் சேர வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டி ராவிவிடுங்கள். அறை குளிர்ச்சியாக, போர்வை பருத்தியாக. நள்ளிரவில் எழுந்தால் தடவுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டப்பா மாய்ஸ்சரைசர். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து உட்காருங்கள். படுக்கையில் கிடந்தபடியே சொறிந்தால் படுக்கை என்றாலே சொறிவது என்று உடம்பு பழகிவிடும்.

இனி மனசுப் பக்கம். எல்லாப் பயிற்சியும் ஒன்று போலப் பயன் தராது. ஜெர்மனியில் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும், வளரிளம் பருவத்தினருக்கும் வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் என்று ஆறு வகுப்புகள் நடத்தி, களிம்பு, அரிப்பு, தூக்கம், மன அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி ஒரு வருடம் கழித்தும் நோய் குறைவாகவே இருந்தது. ஸ்வீடனில் 102 பேரிடம், இணையம் வழியாகப் பன்னிரண்டு வாரம் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை) கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. அரிப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு மூன்றும் குறைந்தன. அந்தச் சிகிச்சையின் மையம் நிம்மதியாக இருப்பது எப்படி என்பதில்லை. அரிப்பு வரும், அது வந்து போகும்வரை எதுவும் செய்யாமல் பார்த்திருப்பது எப்படி என்பதுதான்.

வீட்டில் செய்யக்கூடியதில் எனக்கு நம்பிக்கை உள்ளது தசை தளர்த்தும் பயிற்சி. பாதத்தில் தொடங்கி, ஒவ்வொரு தசைத் தொகுதியையும் ஐந்து நொடி இறுக்கி, இருபது நொடி தளரவிட்டு, நெற்றி வரை வர வேண்டும். படுக்கப் போகுமுன் பதினைந்து நிமிடம், தினமும், குறைந்தது ஒரு மாதம். மூச்சுப் பயிற்சி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக. கண்ணை மூடி உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் தியானத்தை நோய் உச்சத்தில் இருக்கும்போது புதிதாகத் தொடங்க வேண்டாம். கவனம் நேரே அரிக்கும் இடத்துக்குப் போய், பயிற்சியே தண்டனையாகிவிடும். அப்போது சத்தத்தைக் கவனிப்பது, நடப்பது போன்ற வெளிநோக்குப் பயிற்சி மேல். உடற்பயிற்சி மனசுக்கு நல்லது, வியர்வை தோலுக்கு ஆகாது. முடித்ததும் வெறும் நீரில் அலசி, மாய்ஸ்சரைசர் தடவினால் இரண்டும் ஒத்துப்போகும்.

அளப்பது பற்றிச் சொன்னேன். ஆறு வாரம், தினமும் படுக்கும் முன் மூன்று எண்கள்: இன்றைய டென்ஷன் பத்துக்கு எத்தனை, அரிப்பு பத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரம் தூங்கினேன். நான்காவதாக, களிம்பு தடவினேனா இல்லையா. டென்ஷன் ஏறிய நாளோடு மட்டும் அரிப்பை ஒப்பிடாதீர்கள், அடுத்த நாளையும் அதற்கடுத்த நாளையும் பாருங்கள். தாளை வைத்துப் பார்த்தால், டென்ஷனைவிடத் தூங்காத இரவோ விட்டுப்போன களிம்போதான் அரிப்போடு சேர்ந்து நகர்கிறது என்று தெரியலாம். அது நல்ல செய்தி, அவற்றைச் சரிசெய்வது சுலபம். டென்ஷனோடு எதுவுமே சேர்ந்து நகரவில்லை என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரியில் அரிக்கிறதா? சொறிப்பூச்சியாக இருக்கலாம். ஓரம் தடித்து நடு ஆறி வட்டமாகப் பரவுகிறதா? படர்தாமரை, அதில் ஸ்டீராய்டு களிம்பு பட்டால் முதலில் தணிவது போல் காட்டிப் பிறகு விரியும். கழுத்தில் மட்டும், கண்ணிமையில் மட்டும் என்றால் முடிச்சாயம், வாசனைத் திரவியம், நகச்சாயம், நிக்கல் நகை போன்ற ஏதாவது ஒன்று தோலில் பட்டு வரும் ஒட்டு அலர்ஜியாக இருக்கலாம். அதற்கு முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். டென்ஷன் என்ற பெயரில் இவை வருடக்கணக்காகக் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

சில நிலைமைகளில் வீட்டு வைத்தியம் போதாது. துளையிட்டது போல ஒரே அளவில் சின்னச் சின்னப் புண்கள் கூட்டமாக வந்து, வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்பிஸ் கிருமி எக்ஸிமா தோலில் பரவுவது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், கண்ணைச் சுற்றி என்றால் இன்னும் அவசரம். தேன் நிறப் பொருக்கு, சீழ், சூடான வீக்கம் என்றால் பாக்டீரியா. ஸ்டீராய்டு மாத்திரை அல்லது ஊசி இரண்டே நாளில் அற்புதம் காட்டும். நிறுத்தியதும் பழையதைவிட மோசமாகத் திரும்புவது சகஜம், அதனால் அதை நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். களிம்புக்குக் கட்டுப்படாத நிலையில் ஒளிச் சிகிச்சை உண்டு. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2017 முதல் புழக்கத்தில் இருக்கிறது. இந்தத் தூதுப் பொருள்களின் செய்தி செல்லுக்குள் போவதைத் தடுத்து, அரிப்பைச் சில நாட்களிலேயே குறைக்கத் தொடங்கும் ஜாக் (JAK) தடுப்பு மாத்திரைகளும் இருக்கின்றன, அவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் தேவை. தோல் அடங்கும்போது பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே குறைகின்றன. மனசைச் சரிசெய்தால்தான் தோல் சரியாகும் என்று காத்திருக்க அவசியமில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். ஆனால் தொடர்ந்து தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறது என்றால் அதைத் தோல் டாக்டரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடும் எக்ஸிமாவில் அது அபூர்வமில்லை, அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த ஆறு வாரத் தாளோடு, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, எத்தனை இரவு தூக்கம் கெட்டது, எத்தனை நாள் இரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, வெடித்தது, உதிர்ந்தது, வறண்டது என்ற ஏழு பதில்களையும் எழுதி எடுத்துப் போங்கள். போயம் என்ற அளவுகோல் இதே ஏழு கேள்விகளைக் கேட்டு 28-க்கு மதிப்பெண் போடுகிறது. 8 முதல் 16 வரை நடுத்தரம், 17-ஐத் தொட்டால் கடுமை. எழுதிய எண்ணைக் கையில் கொடுத்த பிறகு ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவ்வளவு சுலபமில்லை.